தீத்தொண்டும் தொண்டர் தலைமையும்



பொன்விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் நம்மைக் கேட்டபோது, ஆலயம் எழும்பிய வரலாற்றை எழுதுவோம் என்றே முதலில் எண்ணினோம். ஆனால் அதை நம்மைவிட நன்கு அறிந்த பெரியவர் ஒருவர் இம்மலரிலேயே எழுதியிருக்கிறார். ஆகவே நம் ஆலயத்தில் பாடகர் மாடத்தின் கீழே, சிவப்பு வண்ணம் பூசி வரிசையாகத் தொங்கவிடப்பட்டிருக்கும் எட்டு வாளிகளைப் பற்றி எழுதத் துணிந்தோம். "அது எதுக்குங்க சாமி, கண்ணை உறுத்துதே" என்று பூசைக்கு வந்து போகும் போதெல்லாம் பலர் கேட்டதுண்டு. ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்ல நேரம் வாய்க்கவில்லை. இக்கட்டுரையே அந்தப் பதிலாகட்டும்.

நமக்கு அப்போது பதினேழு வயது. குருமடத்தில் சேர்வதற்கு முந்தைய ஆண்டு. கோவைக்குக் கிழக்கே, பருத்தியும் சோளமும் விளையும் ஒரு சிற்றூர் நம் சொந்த ஊர். அங்கே புனித அந்தோனியார் சிற்றாலயம் ஒன்று உண்டு. ஜூன் 13 திருவிழா. வைகாசி முடிந்து ஆனி பிறக்கும் அந்நாட்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று, திருவிழாக் கொடியை ஒரு நிமிடம் சும்மா இருக்க விடாது. அவ்வாண்டு திருவிழாத் தொண்டர் படைக்கு நம்மைத் தலைவராக்கினார்கள். நம்மையும் சேர்த்து 12 பேர். நம்முடைய தகுதி என்று பார்த்தால், பிளஸ் டூ படித்தவர், குரல் பெரியது, அவ்வளவே. சட்டையில் குத்திக்கொள்ள ஒரு நீலப் பட்டையும், கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு விசிலும் தந்தார்கள். தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த விசிலை மூன்று நாளும் ஊதித் தீர்த்தோம்.

தேர்ப்பவனி முடிந்து ஆசீர் நடந்துகொண்டிருந்த வேளையில் பந்தலின் மேற்கு மூலையில் சீரியல் விளக்கின் ஒயர் பொரிந்து தீப்பற்றியது. காய்ந்த தென்னந்தடுக்குப் பந்தல். மேலைக்காற்று. பந்தலுக்குக் கிழக்கே பத்தடி தள்ளி ஓலைச் சாளைகள் ஒரு வரிசை. இந்நிலையில் தொண்டர் படைத் தலைவர் என்ன செய்தார்? கண்ணில் பட்ட முதல் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்கு ஓடினார்! தலைவன் ஓடியதைக் கண்ட மற்றவர்களும் ஓடினார்கள். கிணற்றடியில் இருந்தது ஒரே கயிறு. அந்தக் கயிற்றுக்கு நாங்கள் போட்டியிட்டுக்கொண்டிருக்க, பந்தலின் ஒற்றை வாசலில் தாய்மாரும் குழந்தைகளும் இரும்பு நாற்காலிகளுக்கிடையே சிக்கி நின்றார்கள். விசில் கழுத்தில் கிடந்தது. மூன்று நாள் ஓயாமல் ஊதிய விசிலை அந்த நிமிடத்தில் ஊதத் தோன்றவில்லை.

நம் ஊரில் மில்காரத் தாத்தா என்று ஒருவர் இருந்தார். கோவையில் ஒரு பஞ்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஆலையின் தீயணைப்புக் குழுவிலும் இருந்தவர். அதிகம் பேசமாட்டார். அவர்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிணற்றடிக்கு வந்து, நம் கழுத்திலிருந்த விசிலை அப்படியே பிடித்து இழுத்தார்.

"வாளியக் கீழ வை கண்ணு. நீ தூக்கறதுக்கு இல்ல, சொல்றதுக்கு."

பிறகு விசிலை மூன்று முறை நீளமாக ஊதினார். ஊரே திரும்பிப் பார்த்தது. முதலில் கரண்டை நிறுத்தச் சொன்னார். பந்தலின் பின்பக்கத் தட்டியை அறுத்துப் பிள்ளைகளை அவ்வழியே வெளியேற்றச் சொன்னார். நால்வரைத் தொரட்டிகளோடு சாளைப் பக்கம் அனுப்பி, முதல் சாளையின் கூரையைப் பிடுங்கிப் போடச் சொன்னார். அந்த வீட்டுக்காரர் அழுதார், தாத்தா கேட்கவில்லை. மீதிப் பேரைக் கிணற்றிலிருந்து சாளை வரை வரிசையாக நிறுத்திக் கைமாற்றிக் குடங்களை அனுப்பவைத்தார். எரிகிற பந்தலுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை. எரியாத கூரைகளுக்கே அத்தனையும் போயிற்று. பந்தல் கால் மணி நேரத்தில் சாம்பலாயிற்று. சாளைகளில் ஒன்றுகூடப் பற்றவில்லை.

எல்லாம் அடங்கியபின் தாத்தா கேட்டார்: "நீங்க எத்தன பேரு கண்ணு?"

"பன்னண்டு பேருங்க தாத்தா."

"எண்ணு."

எண்ணினோம். பதினொன்று. மறுபடியும் எண்ணினோம். பதினொன்றுதான்.

பன்னிரண்டாமவன் வாடகைக்கு எடுத்திருந்த ஆம்பிளிபயரைக் காப்பாற்ற எரியும் பந்தலுக்குள் போயிருக்கிறான். அது அவன் அண்ணனுடைய மைக் செட். அவன் உள்ளே போனதை யாரும் பார்க்கவில்லை. பார்த்துக்கொள்ள வேண்டியவர் கயிற்றுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கோயிலுக்குப் பின்னே மாட்டுத் தண்ணீர்த் தொட்டியில் வலது கையை முக்கிக்கொண்டு தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தவனை அரை மணி கழித்துக் கண்டுபிடித்தோம். அவன் தானாகச் செய்த அந்த ஒரு காரியமே சரியான காரியம். வெந்த புண்ணை இருபது நிமிடமாவது தண்ணீரில் வைத்திருக்க வேண்டும் என்று இன்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். அன்று நாமோ கையைத் தொட்டியிலிருந்து எடுக்கச் சொல்லி, அதன்மேல் இங்க் பாட்டிலைக் கவிழ்த்தோம்! இரண்டு விரல்கள் இன்றும் அவருக்கு முழுதாக நிமிர்வதில்லை. ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்குக் குடும்பத்தோடு நம்மைப் பார்க்க வருவார். தம் பிள்ளைகளிடம் நம்மைக் காட்டி, "என்னை எண்ண மறந்த சாமி இவருதான்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். நாமும் சிரிப்போம். அவர் போனபின் சிரிப்பு வராது.

அந்த ஞாயிறு முதல் தாத்தா நமக்குப் பாடம் நடத்தத் தொடங்கினார். பூசை முடிந்ததும் கிணற்றடியில் ஒத்திகை. வாளி கைமாற்றுவது, தொரட்டி பிடிப்பது, காற்று எந்தப் பக்கம் என்று மண்ணைத் தூவிப் பார்ப்பது, கடைசியில் தலை எண்ணுவது. முதல் வாரம் 11 பேர் வந்தோம். ஐந்தாம் வாரம் 5 பேர். வராதவர்களைத் திட்டலாமா என்று கேட்டோம். அதற்கு அவர், மில்லில் மேஸ்திரி வார்த்தைக்குப் பின்னால் சம்பளம் இருக்கிறது, உன் வார்த்தைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த வாரம் நாம் போனபோது எழுபது வயதைத் தொட்ட அந்த மனிதர் தாமே எட்டு வாளியிலும் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த வாரம் நாம் அவருக்கு முன்பாகப் போய்விட்டோம்.

பின்னர் குருமடத்தில் திருச்சபை வரலாறு படித்தபோது, பித்தினியா நாட்டு ஆளுநராக இருந்த பிளினி, உரோமைப் பேரரசர் திராயானுக்குக் கிறிஸ்தவர்களைப் பற்றி எழுதிய கடிதத்தைப் பாடமாக வைத்தார்கள். விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைக் கடவுளாகப் பாடுகிறவர்கள் என்று நம் முன்னோரைப் பற்றிப் புறமதத்தார் ஒருவர் எழுதிவைத்த அரிய சான்று அது. அக்கடிதம் 96ஆம் எண். பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டியபோது 33ஆம் கடிதம் கண்ணில் பட்டது. படித்ததும் நம் ஊர்க் கிணற்றடியே நினைவுக்கு வந்தது.

கி.பி. 110ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிக்கொமேதியா நகரில் பெருந்தீ மூண்டது. பல வீடுகளோடு முதியோர் மன்றமும் ஈசிஸ் கோயிலும் எரிந்தன. தீ பரவியதற்குப் பிளினி இரண்டு காரணம் கூறுகிறார். ஒன்று காற்று. மற்றொன்று, மக்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தது. நகரத்தில் பொதுவுக்கென்று ஒரு பம்பு இல்லை, ஒரு வாளி இல்லை. ஆகவே 150 பேர் கொண்ட ஒரு தீயணைப்புச் சங்கம் அமைக்க அனுமதி வேண்டும், இத்தனை சிறு எண்ணிக்கையைக் கண்காணிப்பது கடினமன்று என்று பேரரசரிடம் கேட்கிறார். திராயான் மறுத்துவிட்டார். எந்தப் பெயரில், எந்தக் காரணத்துக்காக மக்களை ஒன்றுகூட்டினாலும் விரைவில் அது அரசியல் கும்பலாகிவிடும். கருவிகளை வாங்கி வையுங்கள், வீட்டுக்காரர்களே பார்த்துக்கொள்ளட்டும், வேண்டுமானால் கூட்டத்தைத் துணைக்கு அழைத்துக்கொள்ளட்டும் என்பது அவர் பதிலின் சாரம்.

பேரரசரின் அச்சம் முழுதும் வீண் என்று நாம் சொல்லமாட்டோம். தலைவர் பதவிக்காக இரண்டாகப் பிளந்த இளைஞர் மன்றங்களை எத்தனையோ பங்குகளில் கண்டிருக்கிறோம்! ஆனால் கூட்டத்தைத் துணைக்கு அழைக்கலாம் என்று அவர் கூறியதில்தான் பிழை இருக்கிறது. கருவியும் கூட்டமும் நம் ஊர்த் திருவிழாவிலும் இருந்தன. பழகிய கைகளும், யார் சொன்னால் யார் கேட்பது என்ற ஏற்பாடும் இல்லை. சங்கங்கள் கூடாது என்ற இதே ஆணைக்கு அஞ்சித்தான் பித்தினியாக் கிறிஸ்தவர்கள் தங்கள் பொது உணவுக் கூட்டத்தை நிறுத்திக்கொண்டார்கள் என்பதும் 96ஆம் கடிதத்திலேயே இருக்கிறது. தீயணைப்போரையும் திருச்சபையையும் ஒரே சந்தேகக் கண்ணோடுதான் அவ்வரசு பார்த்தது.

அதே நிக்கொமேதியாவில் 303ஆம் ஆண்டு தியோக்கிளேசியன் அரண்மனையில் தீப்பற்றியபோது பழி கிறிஸ்தவர்கள்மேல் விழுந்து, வேதகலாபனை மேலும் கொடியதாயிற்று. அக்கலாபனையில், 304இல், இன்றைய ஆஸ்திரியா நாட்டின் லோர்க் நகரருகே என்ஸ் ஆற்றில் கல்லைக் கட்டி எறியப்பட்டு உயிர்நீத்தவர் புனித பிளோரியன். தீயணைப்போரின் பாதுகாவலராக அவரையே வணங்குகிறோம். திருநாள் மே 4. உலகத் தீயணைப்போர் தினமாகவும் அந்நாளே அனுசரிக்கப்படுகிறது. 1998இல் ஆஸ்திரேலியாவின் லிண்டன் என்னுமிடத்தில் காட்டுத் தீயில் ஐந்து தொண்டர்கள் மாண்டதையொட்டி மறு ஆண்டு எழுந்த வழக்கம் இது.

தொண்டர்களே கூடித் தீயணைப்புச் சங்கம் அமைத்த வரலாற்றில் பெயர் பெற்றது அமெரிக்காவின் பிலதெல்பியா நகரம். 1736 டிசம்பர் 7ஆம் நாள் பெஞ்சமின் பிராங்கிளினும் அவர் நண்பர்களும் யூனியன் தீயணைப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். மின்னலைப் பற்றி ஆராய்ந்த அறிஞர் என்றே அவரை நம் பிள்ளைகள் பாடத்தில் படிக்கிறார்கள். அப்போது அவருக்கு வயது 30, தொழில் அச்சகம். உறுப்பினர் எண்ணிக்கை 30க்கு மேல் போகக்கூடாது. ஒவ்வொருவரும் தம் வீட்டில் தோல் வாளிகளும், எரியும் வீட்டிலிருந்து பொருள்களை அள்ளிச் செல்லப் பைகளும் கூடைகளும் எந்நேரமும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். மாதம் ஒருமுறை கூட வேண்டும். வராதவருக்கு அபராதம்; அபராதப் பணத்தில் பம்பும் ஏணியும் கொக்கியும் வாங்கினார்கள். இன்னும் பலர் சேர விரும்பியபோது, இதைப் பெருக்காதீர்கள், நீங்களே வேறொரு சங்கம் தொடங்குங்கள் என்று அனுப்பிவைத்தார்கள். பெயர் பெற்ற சங்கத்தின் தலைவர்களுக்கு இப்படிச் சொல்ல மனம் வருவது அரிது. கொக்கி என்று படித்தபோது நம் தொரட்டியும், அபராதம் என்று படித்தபோது தாத்தா எங்களிடம் வசூலித்த 25 பைசாவும் நினைவுக்கு வந்தன. அவர் பிராங்கிளினைப் படித்தவரல்லர்.

இனிச் சொல்லப்போவது நம் திருச்சபைக்குத் துக்கம் தரும் வரலாறு. எனினும் குருவானவர் எவரும் மறக்கக்கூடாதது.

தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் தலைநகர் சாந்தியாகோ. பூமியின் தென்பாதியில் வசந்தம் வருவது நம் ஐப்பசி, கார்த்திகை நாட்களில். ஆதலால் அங்கே மாதா வணக்க மாதம் மே அன்று, நவம்பர் 8 தொடங்கி டிசம்பர் 8இல் முடியும். 1863 டிசம்பர் 8, அமல உற்பவித் திருநாள், வணக்க மாதத்தின் நிறைவு நாள். இயேசு சபையார் எழுப்பிய பழம்பெரும் ஆலயம். நூற்றுக்கணக்கான விளக்குகள், மெழுகுதிரிகள், மெல்லிய திரைச்சீலைகள், காகிதப் பூக்கள். உள்ளே மூவாயிரம் பேர் அளவில் கூடியிருந்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். மாலை ஏழு மணியளவில் பீடத்தருகே விளக்கொன்றிலிருந்து அலங்காரத்தில் தீப்பற்றி மரக் கூரைக்கு ஏறிற்று.

கதவுகள் உட்புறமாகத் திறப்பவை. முதலில் ஓடிய சிலர் வாசலில் விழ, அவர்கள்மேல் அடுத்தவர்கள் விழ, வளையம் வைத்துத் தைத்த அகலமான பாவாடைகள் ஒன்றோடொன்று சிக்க, வாசலே மனித உடல்களால் அடைபட்டது. வெளியே நின்றவர்கள் கையைப் பிடித்து இழுத்தும் பலரை அசைக்க முடியவில்லை. இறந்தவர்கள் 2,000க்கும் மேல். ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டிய மக்கள் வாழ்ந்த நகரத்தில் துக்கம் விழாத தெரு இருந்திருக்க முடியாது. பெரும்பாலோரை அடையாளம் காண இயலாமல் ஒரே பெருங்குழியில் அடக்கம் செய்தார்கள். குருக்கள்மீது கடுமையான குற்றச்சாட்டுகள் எழுந்தன. அவற்றில் எது மெய், எது கோபம் என்று நாம் இங்கிருந்து தீர்ப்பிட விரும்பவில்லை. ஆனால் விளக்குகளை ஏற்றுவதற்கு எத்தனையோ பேர் இருந்தார்கள். அவை சாய்ந்தால் யார் என்ன செய்வது என்பதற்கு ஒருவரும் இல்லை. இதை எழுதும்போது நம் பங்குத் திருவிழா அலங்காரங்கள் கண்முன் வராமலில்லை.

அத்துயரத்தின் மூன்றாம் நாள், டிசம்பர் 11இல், ஹோசே லூயிஸ் கிளாரோ என்பவர் நாளிதழில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். தீயணைப்புத் தொண்டர் அணி அமைக்க விரும்பும் இளைஞர்கள் வந்து கூடுக என்பதே செய்தி, சில வரிகள்தாம். பழிக்கவும் அழவும் நகரம் முழுவதும் ஆள் இருந்தபோது அவர் ஆள் சேர்த்தார். டிசம்பர் 20ஆம் நாள் சாந்தியாகோ தீயணைப்புத் தொண்டர் படை நிறுவப்பட்டது. சிலியின் துறைமுக நகரான வால்பரைசோவில் 1851 முதலே அத்தகைய படை இருந்தது. இன்றும் அந்நாட்டில் தீயணைப்போர் அனைவரும் தொண்டர்களே. எண்ணிக்கை சுமார் 50,000. ஊதியம் கிடையாது என்பது மட்டுமன்று, மாதச் சந்தா அவர்களே கட்டுகிறார்கள்! மருத்துவரும் கொத்தனாரும் மாணவரும் ஒரே வண்டியில் ஏறுகிறார்கள். தங்கள் தளபதியைத் தாங்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்ந்தெடுத்தபின் தீயின்முன் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. எரிந்த ஆலயத்தின் மணிகள் விற்கப்பட்டு வேல்ஸ் நாட்டு ஆலயம் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்து, 2010இல் சாந்தியாகோவுக்குத் திரும்பி வந்தன. ஆலயம் இருந்த இடத்தில் ஆலயம் மீண்டும் எழும்பவில்லை, தோட்டம் இருக்கிறது.

நம் நாட்டில் தலைமை இல்லாத தீ என்றால் 1944 ஏப்ரல் 14ஐச் சொல்ல வேண்டும். பம்பாய் விக்டோரியா துறையில் நின்ற ஃபோர்ட் ஸ்டிக்கீன் என்னும் கப்பலில் சுமார் 1,400 டன் வெடிமருந்தும், கராச்சியில் ஏற்றிய 8,700 பஞ்சுப் பொதிகளும் இருந்தன. பிற்பகலில் புகை வந்தது. தீயணைப்புப் படையினர் வந்து குழாய்களைப் பிடித்தார்கள். கப்பலை மூழ்கடிப்பதா, இழுத்துக்கொண்டு போவதா, ஆட்களை விலக்குவதா? கப்பல் தலைவர், துறைமுகத்தார், படைக்கல அதிகாரி, தீயணைப்புத் தலைவர் என்று பலர் நின்றார்கள். எல்லாரும் கேட்க வேண்டிய ஒரு குரல் மட்டும் பிறக்கவில்லை. 4 மணி 6 நிமிடத்துக்குக் கப்பல் வெடித்தது. அரை மணி நேரத்தில் மறுபடியும் வெடித்தது. தீயணைப்போர் 66 பேர் மாண்டார்கள். நூற்றுக்கணக்கான பொதுமக்களும் மாண்டார்கள். அப்படையினரின் நினைவாகவே ஏப்ரல் 14 முதல் ஒரு வாரம் தீத்தொண்டு வாரம் என்று அனுசரிக்கிறோம். தீத்தொண்டு என்ற அழகிய சொல்லை நமக்குத் தந்தவர் யாராயினும் அவர் வாழ்க!

பஞ்சு எப்படி எரியும் என்பது நம் பங்கு மக்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1888இல் ஸ்டேன்ஸ் ஆலை எழுந்ததும், 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகியதும் கோவையின் வரலாறு. புளோ ரூமில் பஞ்சோடு ஒரு ஆணித் துண்டு போய் அடிப்பானில் உரசினால் போதும், பொறி பறந்து குழாய் வழியே அடுத்த எந்திரத்துக்கு ஓடிவிடும். அதற்காகத்தான் வழியில் காந்தம் வைக்கிறார்கள். அழுத்திக் கட்டிய பொதிக்குள் புகுந்த தீயோ வேறு வகை. மேலே ஊற்றும் தண்ணீர் உள்ளே இறங்காது. அணைந்துவிட்டது என்று எண்ணி மூலையில் தள்ளிய பொதி, நாள் கழித்துக் கிடங்கையே எரித்துவிடும். ஆகவே சந்தேகப்பட்ட பொதியை வெளியே கொண்டுபோய்ப் பிரித்துப் போட்டு, பக்கத்தில் ஓர் ஆளைக் காவல் வைக்க வேண்டும். தாத்தாவுக்கு இந்தக் கல்வி ஆலை தந்தது. அணைந்துவிட்டது என்று கைதட்டுகிற நேரத்தில் ஒருவன் கைதட்டாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், அவன் தலைவனாக இருக்க வேண்டும் என்பார்.

கும்பகோணத்தைப் பற்றி அதிகம் எழுத மனம் இடங்கொடுக்கவில்லை. 2004 ஜூலை 16, பள்ளிச் சமையலறையிலிருந்து கீற்றுக் கூரைக்குத் தாவிய தீ, குறுகலான படி, 94 குழந்தைகள். அதன்பின் தமிழகப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. அன்று முதலில் ஓடி வந்தவர்கள் அக்கம்பக்கத்தார். தீயணைப்பு வண்டி எவ்வளவு விரைந்து வந்தாலும் அதற்கு முன் அங்கே இருப்பவர்கள் அவர்கள்தாம். 101க்குத் தொலைபேசி செய்துவிட்டு வண்டி வரும்வரை இருக்கிற அந்தச் சில நிமிடங்கள் நம்முடையவை. தமிழகத்தில் 1963ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊர்க்காவல் படை அமைந்ததும், 2016 முதல் ஆப்த மித்ரா என்ற பெயரில் பேரிடர்த் தொண்டர்களுக்கு நடுவண் அரசின் திட்டப்படி பயிற்சி தரப்படுவதும் இச்சில நிமிடங்களை எண்ணித்தான்.

இப்போது நம் ஆலயத்து வாளிகளுக்கு வருவோம். பொன்விழாவுக்குத் துணிப்பந்தல் போடுவதென்று பங்குப் பேரவையில் முடிவானபோது, நாம் மூன்று வாசல் கேட்டோம். அலங்காரம் கெடும் என்றார்கள் சிலர். செலவு என்றார்கள் சிலர். ஆலயத்தின் பக்கக் கதவுகள் இரண்டையும் வெளிப்புறமாகத் திறக்கும்படி மாற்றியபோதும் முணுமுணுப்பு இருந்தது. பழைய கதவின் வேலைப்பாடு போய்விட்டதென்று வருந்திய பெரியவரிடம் சாந்தியாகோவைப் பற்றிச் சொன்னோம். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், மறுவாரம் கீல்களுக்கான செலவைத் தாமே கொண்டுவந்து கொடுத்தார். தீயணைப்பு நிலையத்து அலுவலர்கள் இருவர் ஞாயிறு ஓய்வையும் பாராமல் வந்து நம் இளைஞர்களுக்கு அணைப்பான் உருளையைக் கையாளக் கற்பித்தார்கள். பங்கின் சார்பில் அவர்களுக்கு நன்றி.

தொண்டர்கள் 24 பேர். பங்குத் தந்தையும் கணக்கில் சேர்த்தி, ஆக 25. மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப்பின் ஒத்திகை. வராதவருக்கும் இடையில் காணாமற்போகிறவருக்கும் 10 ரூபாய் அபராதம். சேர்கிற பணத்தில் ஏணி வாங்குவதாகத் திட்டம். பெயர்ப் பட்டியல் சக்கிறீஸ்துக் கதவின் உட்புறம் ஒட்டப்பட்டிருக்கிறது. விசில் இப்போது கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணின் கழுத்தில் இருக்கிறது. அவள் தலைமைக்கு வந்தபோது, பையன்கள் கேட்பார்களா என்று நமக்கே ஐயம் இருந்தது. முதல் ஒத்திகையில் அவளும் வாளியைத்தான் தூக்கினாள்! நாம் ஒன்றும் சொல்லவில்லை. தூணோரம் நின்று அவளைப் பார்த்தோம், அவ்வளவே. வாளியைக் கீழே வைத்துவிட்டாள்.

சென்ற மாத ஒத்திகையன்று நடுவே ஒரு வீட்டார் ஞானஸ்நானத்துக்கு நாள் குறிக்க வந்தார்கள். அவர்களோடு பேசிக்கொண்டே அறைக்குள் போய்விட்டோம். சற்று நேரத்தில் விசில் மூன்று முறை நீளமாகக் கேட்டது. பீடச் சிறுவன் ஒருவன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"சாமி, அக்கா எண்ணிப் பாத்தாங்க. இருபத்தஞ்சுல ஒண்ணு கொறையுதுங்களாம். உங்களத்தான் தேடறாங்க."

போய் வரிசையில் நின்றோம். அவள் மீண்டும் முதலிலிருந்து எண்ணினாள். பிறகு அபராத உண்டியலை நம்மிடம் நீட்டினாள். பத்து ரூபாய் போட்டோம்.